திங்கட்கிழமை பத்து மணி

சென்ற ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு திங்கட்கிழமையில் வந்தது. 2025 ஏப்ரல் 14. மாங்காய்ப் பச்சடியும் வடையுமாகச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஓர் அரசு அலுவலகத்தின் காவலாளி. "சார், ஒரு பையன் காலையிலேர்ந்து பூட்டின ஆபீஸ் வாசல்லயே நிக்கிறான். போகச் சொன்னா போகமாட்டேங்கிறான். பாக்கெட்டுல இருந்த அட்டையில உங்க நம்பர் இருக்குது" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. வேலூரின் சித்திரை வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்த நிழலில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. "இன்னிக்குப் பண்டிகைப்பா, ஆபீஸ் லீவு" என்றேன். "அட்டையில லீவுன்னு போடல" என்றான். உண்மைதான், போடவில்லை. அந்த அட்டையை எழுதியவன் நான்.

நான் வேலூர் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். இலவச சட்ட உதவிப் பட்டியலிலும் என் பெயர் உண்டு. அவனுக்கு அப்போது வயது 23. ஆட்டிசமும் லேசான அறிவுசார் குறைபாடும் உள்ளவன். பெயரை மாற்றிச் சொல்வதைவிடச் சொல்லாமலே விடுகிறேன். காட்பாடிக்கு வடக்கே ஒரு கிராமம் என்பது போதும். 2024 ஆகஸ்டில், அவனுக்குப் பழக்கமான இரண்டு ஆட்கள் ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த ஒரு இரு சக்கர வாகனத்தைக் காட்டி, வண்டி ரிப்பேர், தெருமுனை வரை தள்ளிக் கொடுத்தால் பரோட்டா வாங்கித் தருகிறோம் என்றார்கள். தள்ளிக் கொடுத்தான். பரோட்டாவும் கிடைத்தது. கண்காணிப்புக் கேமராவில் வண்டியோடு தெரிந்தது அவன் ஒருவன் முகம் மட்டுமே.

விசாரணையில் அவனிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அவன் சொன்ன விடை "ஆமாம் சார்". இந்த வண்டியை எடுத்தாயா, ஆமாம் சார். போன மாதம் காணாமல் போன அந்த வண்டியையும் எடுத்தாயா, ஆமாம் சார். பெரியவர்கள் குரலை உயர்த்தினால் "ஆமாம்" என்று சொன்னால் குரல் தணியும் என்பதைப் பள்ளி நாட்களிலேயே கற்றுக்கொண்டவன் அவன். ஒரு வண்டி வழக்கு மூன்று வண்டி வழக்கானது இப்படித்தான். காவல் துறையிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது சட்டம் படித்தவர்களுக்கு ஆறுதல். ஆனால் அந்த வாக்குமூலம் ரிமாண்டுக்குப் போதுமானதாக இருந்தது. பதினோரு நாள் தொரப்பாடி மத்திய சிறையில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தான். குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் நீதிமன்றத் தமிழில் "எதிரி" என்று எழுதுவோம். "யாருக்குங்கய்யா இவன் எதிரி?" என்று அவன் தாயார் குற்றப்பத்திரிகை நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் எழுதிவரும் சொல்லை அன்றுதான் நானே காதால் கேட்டேன்.

இத்தகைய ஒருவருக்குச் சிறையைத் தவிர வேறு என்ன வழிகள் நம் சட்டத்தில் இருக்கின்றன என்பதைத்தான் எழுத வந்தேன். வழி இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வாசலும் வேறு வேறு உயரத்தில் இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்தது "சித்த சுவாதீனமின்மை" என்ற பிரிவு. 1843-இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கையொட்டி வகுக்கப்பட்ட விதி, 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவாகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவாக ஏறக்குறைய அதே சொற்களோடு நிற்கிறது. தான் செய்யும் செயலின் தன்மையை, அல்லது அது தவறு என்பதை அறிய இயலாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது என்பது அதன் சாரம். இந்தப் பிரிவு அவனுக்குப் பொருந்தாது. திருடுவது தவறு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் திருக்குறளோடு சேர்த்துச் சொல்வான். தெரியாதது வேறு: தன்னிடம் சிரித்துப் பேசுகிறவன் தன்னைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடும் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த அறியாமைக்கு 22-ஆவது பிரிவில் இடமில்லை.

சென்னையில் ஒருவரைக் கிண்டல் செய்யக் கீழ்ப்பாக்கத்தை இழுப்பது போல எங்கள் ஊரில் பாகாயத்தை இழுப்பார்கள். அங்குள்ள மனநல மையம் 1957-இல் தொடங்கப்பட்டது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக "நம்பிக்கை நிலையம்" என்ற தனிப் பிரிவும் அங்கே உண்டு. மருத்துவர்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதை ஊர் வாய் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. மனநோய் வந்து போகக்கூடியது, மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் நோயல்ல, பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ உடன் வரும் அமைப்பு. வியப்பு என்னவென்றால், இந்த வேறுபாட்டை ஊரைவிட நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம் அதைச் செய்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. எதிரிக்கு மனநோய் என்றால், சிகிச்சைக்குத் தேவையான காலத்துக்கு வழக்கைத் தள்ளி வைக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு என்றால், அதனால் அவர் தம் தரப்பை எடுத்துரைக்க இயலாதவராக இருக்கிறாரா என்று நடுவர் தீர்மானிக்க வேண்டும்; இயலாதவர் என்றால் வழக்கைத் தள்ளி வைக்கக் கூடாது, முடித்துவிட வேண்டும். குணமாகும் வரை காத்திருப்பதில் பொருளில்லை என்பதை ஒப்புக்கொண்ட பிரிவு இது. என் அனுபவத்தில் இதைக் கேட்டு மனுப் போடும் வழக்கறிஞர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நானும் அந்த மனுவைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுத் தாக்கல் செய்யாமல் விட்டவன்தான். காரணம், அடுத்துள்ள 369-ஆவது பிரிவு. வழக்கு முடிக்கப்பட்டால் எதிரியை என்ன செய்வது என்பதை அது சொல்கிறது. உறவினரோ நண்பரோ பொறுப்பேற்றுப் பிணையம் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பலாம். விடுவிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், பராமரிப்பும் கல்வியும் பயிற்சியும் தரும் ஓர் இல்லத்துக்கு மாற்றலாம். எத்தனை நாளைக்கு என்பது அந்த வரியில் இல்லை. திருட்டுக்கு உச்சத் தண்டனை மூன்று ஆண்டு. மூன்று ஆண்டுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. இல்லத்துக்கு அது இல்லை. தகப்பன் இல்லாத குடும்பம், தாயார் பீடி சுற்றுபவர், ஜாமீன் கொடுக்கச் சொத்துள்ள உறவினர் யாருமில்லை. "அவனை எங்கேயாவது ஹோம்ல போட்டுடுவாங்களா?" என்று கேட்டார். போடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன் என்றேன். அந்த "நினைக்கிறேன்" அவருக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

இன்னொரு புது வழி சமூக சேவை. 2023-இன் புதிய தண்டனைச் சட்டத்தில்தான் அது முதன்முறையாகத் தண்டனை வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறைக் குற்றமாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், திருட்டுக்குச் சமூக சேவையே தண்டனை. கடையில் கைப்பேசி உறையையோ சாக்லேட்டையோ எடுத்துக்கொண்டு நடந்துவிடும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஓடுகிற நிலையில் உள்ள எந்த இரு சக்கர வாகனமும் இன்று ஐயாயிரத்துக்குள் வராது என்பதால் அந்தக் கதவு எங்களுக்குச் சாத்தியே இருந்தது. எவ்வளவு நேரம், எந்த வேலை என்பதையும் சட்டம் நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டது. கூச்சலும் ஒலிபெருக்கியும் உள்ள இடத்தில் ஆட்டிசம் உள்ளவரை நிறுத்தினால் அது சேவையாக இருக்காது. அதே ஆளை ஒரு நூலகத்தில் புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கச் சொன்னால் நம் எல்லோரையும்விடச் சரியாகச் செய்வார்.

எஞ்சியது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். எனக்கு மிகவும் பிடித்த பழைய சட்டங்களில் ஒன்று. மூன்றாவது பிரிவு கண்டித்து அனுப்பிவிடலாம் என்கிறது. நான்காவது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாத எதற்கும், தண்டனை சொல்லாமல் நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தில் விடுவித்து, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் குறைந்தது ஓராண்டு வைக்கலாம் என்கிறது. பன்னிரண்டாவது பிரிவு, இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. அரசுத் தரப்பு மற்ற இரண்டு வண்டிகளையும் வலியுறுத்தவில்லை; அவற்றுக்கு ஆதாரமென்று ஏதுமில்லை. தள்ளியதை ஒப்புக்கொள்வது, நான்காவது பிரிவின் கீழ் விடுதலை கேட்பது என்று முடிவு செய்தோம்.

"செய்தோம்" என்று எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. களவு எண்ணம் அவனுக்கு இல்லை; முழு விசாரணை நடத்தியிருந்தால் விடுதலையே வாங்கியிருக்கலாம். அதற்கு ஓரிரு ஆண்டு வாய்தா ஆகும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தாயார் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இதையெல்லாம் அவனிடம் சொல்லி, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவன் என்ன சொன்னான் என்று நீங்களே ஊகிக்கலாம். "ஆமாம் சார்."

தண்டனை குறித்த வாதத்துக்கு முன் உளவியலாளரின் அறிக்கை வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதித்து வாங்கினோம். 2018-இல் மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட வழிகாட்டியில், அன்றாட வாழ்வைத் தானே நடத்தும் திறனை அளக்கும் சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை பெற்றால் லேசான அறிவுசார் குறைபாடு, 50 விழுக்காடு ஊனம் என்று இருந்தது. 70 முதல் 84 வரை எல்லைக்கோட்டு நிலை, 25 விழுக்காடு. அரசு சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும் என்பதால் 69 பெற்றவர் உள்ளே, 71 பெற்றவர் வெளியே. இவன் பெற்றது 61. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் அட்கின்ஸ் வழக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்றது. 2014-இல் ஹால் வழக்கில், அறிவுத்திறன் (ஐ.க்யூ.) சோதனையின் 70 என்ற ஒற்றை எண்ணைச் சுவராக நிறுத்தி அதற்கு மேல் ஒரு புள்ளி கூடினாலும் கேட்கமாட்டோம் என்பது செல்லாது, சோதனைக்கே பிழை விளிம்பு உண்டு என்றது. நம்மூரிலும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பும் பழக்கம் இருக்கிறது. லேசான குறைபாடு உள்ளவர்தான் வழக்குகளில் மாட்டுகிறார். பேசுகிறார், பேருந்தில் போகிறார், கையெழுத்துப் போடுகிறார், ஆகவே "நடிக்கிறான்" என்ற சொல்லும் அவருக்கே கிடைக்கிறது.

அறிக்கையில் "மனவயது ஒன்பது" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடச் சொன்னார்கள் நண்பர்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. போக்சோ சட்டத்தில் "வயது" என்றால் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதுதான், மனவயது அல்ல என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஈரா வழக்கில் சொல்லிவிட்டது. அது பாதிக்கப்பட்டவரைப் பற்றிய வழக்கு என்றாலும் அந்தச் சொல்லின் வலுவின்மையைக் காட்டுகிறது. அதைவிட, வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் எல்லாத் தடங்களின் எண்ணும் நேரமும் மனப்பாடமாகச் சொல்லும் 23 வயது ஆணை ஒன்பது வயதுக் குழந்தை என்பது உண்மையுமல்ல, மரியாதையுமல்ல.

நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து முறை. அங்கே தண்டனை வழிகாட்டுக் குழு, மனநோய், வளர்ச்சிக் குறைபாடு, நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டியை 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. குறைபாடு இருக்கிறது என்பதாலேயே தண்டனை குறையாது. அந்தக் குறைபாட்டுக்கும் செய்த செயலுக்கும் தொடர்பு உண்டா, சிறைவாசம் மற்றவரைவிட இவரை அதிகமாக அழுத்துமா என்று பார்க்கச் சொல்கிறது. நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகள். தொடர்பு உண்டா? எதற்கும் "ஆமாம்" சொல்லும் பழக்கமே அவனை வண்டியைத் தள்ள வைத்தது, அதுவே ஒப்புக்கொள்ளவும் வைத்தது. சிறை அழுத்துமா? பதினோரு நாளும் தயிர் சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை. இரவெல்லாம் எரிந்த குழல்விளக்கின் "ங்ங்" என்ற ஓசையைப் பிறகு பல வாரம் வீட்டில் வாயால் எழுப்பிக்கொண்டிருந்தான். சிறைக்குள் வரும்போதே ஒருவரின் ஊனத்தைக் கண்டறிய வேண்டும் என்று, தசைச் சிதைவு நோயுள்ள தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2025 ஜூலையில். அவனுக்கு அது பதினோரு மாதம் பிந்தியது.

தீர்ப்பு நாளன்று நடுவரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வைத்தேன்: பதற்றமானால் இவன் சிரிப்பான். சொன்னது நல்லதாயிற்று. தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது பற்கள் தெரியச் சிரித்தான். வருத்தம் தெரிகிறதா என்று எதிரியின் முகத்தைப் பார்ப்பது நீதிமன்றங்களின் பழைய வழக்கம். கண்ணைப் பார்க்காதவனையும் பொருந்தாத நேரத்தில் சிரிப்பவனையும் அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை யோசித்தாலே போதும்.

2025 ஜனவரியில் ஓராண்டு மேற்பார்வையில் விடுவிக்கப்பட்டான். கடினமான பகுதி அங்கேதான் தொடங்கியது. பிணைப்பத்திரத்தின் முதல் நிபந்தனை "நன்னடத்தையுடனும் அமைதியுடனும் இருக்க வேண்டும்". அவன் அதைப் படித்துவிட்டு, "அமைதின்னா பேசக் கூடாதா?" என்றான். மூன்றாவது நிபந்தனை காட்பாடி ரயில் நிலையப் பகுதிக்குச் செல்லக் கூடாது என்பது. நல்லெண்ணத்தோடு போட்டதுதான், அந்த ஆட்கள் அங்கேதான் சுற்றுகிறவர்கள். ஆனால் அவன் பயிற்சிப் பட்டறைக்குச் செல்லும் பேருந்து அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒன்பது நாள் பட்டறைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, "பஸ் போகுது, பஸ்சுக்குள்ள நான் இருக்கிறேன், அப்ப நானும் போறேன்" என்றான். இந்தத் தர்க்கத்தை உடைக்க என்னால் முடியவில்லை. நிபந்தனைகளை மாற்ற நன்னடத்தைச் சட்டத்தின் எட்டாவது பிரிவு இடம் தருகிறது. நன்னடத்தை அலுவலர் விண்ணப்பித்து, "பேருந்தில் கடந்து செல்வது நீங்கலாக" என்ற சொற்களைச் சேர்த்து வாங்கினார்.

நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் மீறலாக இருந்தால் 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடலாம் என்கிறது ஒன்பதாவது பிரிவு. 1958-இன் ஐம்பது ரூபாய் இன்னும் ஐம்பது ரூபாயாகவே இருப்பது ஓர் அழகு. ஆனால் என் கட்சிக்காரனால் ஏற்பட்ட சிக்கல் மீறல் அல்ல, அளவுக்கு மீறிய கீழ்ப்படிதல். நான்காவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு, மேற்பார்வை ஆணையின் நிபந்தனைகளைக் குற்றவாளிக்கு நீதிமன்றம் விளக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. "விளக்க வேண்டும்" என்பது வாசித்துக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. இந்த ஒரு வரியை உண்மையாக நிறைவேற்றினால், புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை என்பது என் கருத்து. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016-இன் 12-ஆவது பிரிவு நீதியை அணுகும் உரிமையைத் தந்திருக்கும்போது, விளங்காத மொழியில் எழுதிய ஆணை எப்படி அணுகலாகும்?

ஆகவே நானும், பட்டறையின் சிறப்பாசிரியையும், நன்னடத்தை அலுவலரும் சேர்ந்து ஆணையை அட்டையாக்கினோம். ஒரு பக்கம் படங்கள், மறுபக்கம் ஆறு வரி. "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அலுவலகம் வந்து கையெழுத்துப் போட வேண்டும்." "யாராவது பொருளைக் கொடுத்துத் தள்ளு, பிடி, எடுத்து வா என்றால், அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும்." நல்லபடியாக இருப்பது என்பதை விளக்க அதைவிடச் சிறந்த சொற்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏப்ரலில் ஏழாவது வரியைச் சேர்த்தோம்: "அலுவலகம் பூட்டியிருந்தால் வீட்டுக்குப் போய், அடுத்த நாள் வரலாம்."

மேற்பார்வை இந்த ஜனவரியில் முடிந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. தொடக்கத்தை விளக்கச் சொல்லும் சட்டம் முடிவை விளக்கச் சொல்லவில்லை. ஆணை தானாகவே காலாவதியாகிவிடும். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. பிப்ரவரி இரண்டாவது திங்கட்கிழமை பத்து மணிக்கு அவன் அலுவலகத்தில் நின்றிருந்தான். அலுவலர் பதிவேட்டைத் தேடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்தார். அன்று மாலையே போய்ப் புதிய அட்டை ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: "முடிந்தது. இனி வர வேண்டாம்." அவன் அதை இருமுறை படித்துவிட்டு, "இரண்டாவது திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்ப எங்க போகணும்?" என்றான். அவன் தாயார் அடுப்படியிலிருந்தபடியே "பட்டறைக்குப் போடா" என்றார். அதையும் அட்டையில் எழுதச் சொன்னான். எழுதினேன்.